கோயில் களஞ்சியமும் கூலித் தானியமும்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



எகிப்து என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பவை எவை? பிரமிடுகள், துணி சுற்றிய பிரேதங்கள், நரித் தலையும் பருந்துத் தலையும் கொண்ட தெய்வங்கள், பொன் முகமூடி அணிந்த இளம் மன்னன். பள்ளிப் புத்தகமும் சினிமாவும் நமக்குக் காட்டியிருப்பவை இவ்வளவுதான். இவை பொய்யல்ல, ஆனால் பாதிக் கதை. அந்தப் பாறையைக் குடைந்தவன் யார்? அந்தச் சுவரில் தெய்வங்களைத் தீட்டியவன் யார்? அவன் எந்தத் தெய்வத்தை வணங்கினான்? கூலி வராதபோது என்ன செய்தான்? மறுபாதிக் கதை இதுதான். இதையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

1922-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி, நைல் நதியின் மேற்குக் கரையில், மன்னர் பள்ளத்தாக்கு என்ற இடத்தில், ஹோவர்டு கார்ட்டர் என்ற ஆங்கிலேயரிடம் வேலை பார்த்த எகிப்தியத் தொழிலாளர்கள் மண்ணுக்கடியில் ஒரு கற்படியைக் கண்டார்கள். அதுதான் டுட்டன்காமுன் கல்லறையின் முதற்படி. உலகப் பத்திரிகைகள் அனைத்தும் அந்தப் பொன்னைப் பற்றியே எழுதின.

அதே 1922-ஆம் ஆண்டில், அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து மலையைத் தாண்டி நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், பெர்னார் புரூயேர் என்ற பிரெஞ்சு அகழ்வாராய்ச்சியாளர் வேலை தொடங்கினார். அந்த இடத்திற்கு இன்று வழங்கும் பெயர் தெர் எல்-மதீனா. 1951 வரை அவருடைய வேலை நடந்தது. பொற்குவியல் எதுவும் அங்கே பத்திரிகைகளை அழைக்கவில்லை. கிடைத்தவை வீட்டுச் சுவர்கள், திருகைக் கற்கள், உடைந்த பானைகள், கிறுக்கிய ஓட்டுச் சில்லுகள். ஆனால் உழைப்பாளி மக்களின் சரித்திரத்தைத் தேடுகிறவனுக்கு, பொன் முகமூடியை விட இந்தச் சில்லுகளே பெரிய புதையல் என்று நாம் சொல்லுவோம். ஏன் என்பதைக் கேளுங்கள்.

கல்லறை கட்டியோர் கிராமம்

மன்னர்களுக்குப் பாறையில் கல்லறை குடையும் தொழிலாளர்களுக்காகவே அரசு ஏற்படுத்திய கிராமம் அது. கி.மு. 1500-ஐ ஒட்டித் தொடங்கி, ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். தாத்தன் செய்த வேலையைத் தகப்பன் செய்தான். தகப்பன் செய்த வேலையை மகன் செய்தான். கல்தச்சர், சிற்பி, ஓவியர், பூச்சு வேலைக்காரர், இவர்களுக்குக் கணக்கர். மதிலுக்குள் சுமார் 70 வீடுகள், ஒன்றையொன்று ஒட்டியவை. தொழிலாளர் தொகை சாதாரணமாக 40 முதல் 60 வரை. கப்பல் மாலுமிகளைப் போல இவர்கள் வலப்புறத்தார், இடப்புறத்தார் என இரண்டு அணிகளாகப் பிரிந்து வேலை செய்தார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு மேஸ்திரி.

நாணயம் இல்லாத காலம் அது. கூலி தானியமாகவே அளக்கப்பட்டது. ஒரு தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை வாற்கோதுமை. முன்னது ரொட்டிக்கு, பின்னது பீர் காய்ச்ச. மேஸ்திரிக்கு மொத்தம் ஏழரை மூட்டை. மீனும் காய்கறியும் விறகும் அரசே அனுப்பியது. ஊரில் கிணறு கிடையாது. குடிதண்ணீரைக் கூடக் கழுதை மேல் ஏற்றி வர வேண்டும். அரசின் சொத்தான செப்பு உளிகள் எடை போட்டுக் கொடுக்கப்பட்டு, எடை போட்டே திரும்பப் பெறப்பட்டன. இருண்ட சுரங்கத்தில் எரிந்த விளக்குத் திரிகளுக்கும் கணக்கு உண்டு.

இவ்வளவும் நமக்கு எவ்வாறு தெரியும்? தண்ணீர் தேடி அந்த ஊரார் சுமார் 50 மீட்டர் ஆழத்திற்குப் பாறையை வெட்டினார்கள். தண்ணீர் வரவில்லை. அந்தக் குழி ஊரின் குப்பைத் தொட்டியாயிற்று. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புரூயேரின் ஆட்கள் அதைத் தோண்டியபோது, எழுத்துள்ள ஓட்டுச் சில்லுகளும் சுண்ணாம்புக் கல் சில்லுகளும் சுமார் 5,000 கிடைத்தன. பாப்பிரஸ் தாள் விலை உயர்ந்தது; ஆகவே அன்றாடக் கணக்கைக் கல்லில் எழுதிவிட்டு எறிந்தார்கள். யாரோஸ்லாவ் செர்னி என்ற செக் நாட்டு அறிஞர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கிறுக்கல்களைப் படிப்பதில் செலவிட்டார்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு கல் சில்லு உள்ளது. இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் 40-ஆம் ஆட்சியாண்டில் வேலைக்கு வராதவர்களின் பட்டியல் அது. ஒருவனுக்கு உடம்பு சரியில்லை. ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவனுக்குக் கண்நோய். ஒருவன் பீர் காய்ச்சப் போய்விட்டான். ஒருவன் தாயின் சடலத்திற்குத் தைலமிடும் காரியத்திலிருந்தான். மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆஜர்ப் பட்டியல், தோழர்களே! எந்த மன்னனின் வெற்றிக் கல்வெட்டும் இவ்வளவு கிட்டத்தில் நின்று நம்முடன் பேசியதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவர்கள் எகிப்தின் மிகக் கீழான மக்கள் அல்லர். கைத்தொழில் தேர்ந்தவர்கள்; எழுத்தறிந்தோர் பலர்; சொந்தமாகச் சவப்பெட்டிகளும் சிலைகளும் செய்து விற்றவர்கள். இவர்களுடைய தானியத்தை அரைத்துக் கொடுக்க அரசு அடிமைப் பெண்களை அனுப்பியது. அந்தத் தானியத்தை விளைவித்த உழவனும், அரைத்த அந்தப் பெண்ணும் ஒரு சில்லு கூட எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. சரித்திரத்தில் குரல் கிடைத்தவர்களைப் படிக்கும்போது, குரல் கிடைக்காதவர்களையும் நாம் நினைக்க வேண்டும்.

பரலோகத்திலும் வெட்டிவேலை

இவர்கள் மன்னர்களின் கல்லறைச் சுவர்களில் எழுதியவை என்ன? இரவின் பன்னிரண்டு மணி நேரமும் சூரிய தேவன் தோணியேறிப் பாதாளத்தில் பிரயாணம் செய்கிறான்; எதிர்ப்படும் பாம்பை வென்று, விடியற்காலையில் மறுபடி பிறக்கிறான். செத்த மன்னனும் அவனுடன் சேர்ந்து பிறக்கிறான். உலகம் நிலைபெற்றிருப்பதே இதனால்தான் என்பது சித்தாந்தம். இந்த ஒழுங்குக்கு அவர்கள் இட்ட பெயர் 'மாத்'. உண்மை, நீதி, முறைமை என்று பல பொருள்களும் அந்த ஒரு சொல்லுக்கு உண்டு. தலையில் இறகு சூடிய தேவியாக அதை வரைந்தார்கள். செத்தவனின் இதயத்தை ஒரு தட்டிலும் அந்த இறகை மறு தட்டிலும் வைத்து நிறுப்பார்களாம். அப்போது அவன், நான் தானிய அளவையைக் குறைத்ததில்லை, ஆட்களிடம் அளவுக்கு மீறி வேலை வாங்கியதில்லை என்றெல்லாம் சொல்ல வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம்.

பரலோகம் எப்படிப்பட்டது? அங்கேயும் வயல் உண்டு, வாய்க்கால் உண்டு, அரசுக்குச் செய்யும் வெட்டிவேலையும் உண்டு! எகிப்தியர் கற்பனையால் கூட வெட்டிவேலை இல்லாத ஓர் உலகத்தைக் காண முடியவில்லை. வசதியுள்ளவன் இதற்கு ஒரு வழி கண்டான். சின்னஞ்சிறு பொம்மைகள் செய்து கல்லறையில் வைத்துக்கொண்டான். எஜமானனை வேலைக்கு அழைத்தால், இதோ வந்தேன் என்று அந்தப் பொம்மை எழுந்து போய் மண் சுமக்குமாம். டுட்டன்காமுன் கல்லறையில் இப்படி 413 பொம்மைகள் இருந்தன. நாளைக்கு ஒன்றாக 365 ஆட்கள். பத்துப் பேருக்கு ஒருவராக 36 கங்காணிகள். மாதத்திற்கு ஒருவராக இன்னும் 12 பேர். செத்த பிறகும் மன்னனுக்குக் கங்காணி தேவைப்பட்டான்! ஒரு சமுதாயம் தன் வானுலகத்தைத் தன் பூவுலகத்தின் அச்சிலேயே வார்த்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

ஏழையின் குரலுக்குச் செவி

ஆனால் தொழிலாளியின் சொந்த வழிபாடு வேறு விதமாக இருந்தது. ஊருக்கு மேலே பிரமிடு போன்ற ஒரு மலைச் சிகரம் நிற்கிறது. அதில் மெரெத்சேகெர் என்ற நாக தேவதை குடியிருப்பதாக அவர்கள் நம்பினார்கள். மௌனத்தை விரும்புகிறவள் என்பது அந்தப் பெயருக்குப் பொருள். பாம்பும் தேளும் நிறைந்த பாறை வெளியில் அன்றாடம் நடக்கிறவன் நாகத்தை வணங்கியதில் வியப்பென்ன? நெஃபராபு என்ற தொழிலாளி ஒரு கல்லில் தன் குற்றத்தைப் பொறித்து வைத்தான். சிகரத்தின் தேவதைக்கு அறியாமல் பிழை செய்ததாகவும், அவள் தண்டித்ததாகவும், மன்றாடியபின் மூச்சுக் காற்றைத் திரும்பத் தந்ததாகவும் அதில் சொல்கிறான். மற்றொரு கல்லில், ப்தாஹ் தெய்வத்தின் பெயரால் பொய்ச் சத்தியம் செய்ததால் பட்டப்பகலிலும் இருள் காண நேர்ந்தது என்று வருந்துகிறான். சுண்ணாம்புத் தூசியிலும் விளக்குப் புகையிலும் வேலை செய்தவர்களிடையே கண்நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பதை ஆஜர்ப் பட்டியலில் முன்பே பார்த்தோம்.

சில கற்களில் வரிசையாகக் காதுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தெய்வம் தன் முறையீட்டைக் கேட்க வேண்டும் என்பதற்காக! நெப்ரே என்ற ஓவியன், தன் மகன் நோயிலிருந்து பிழைத்ததற்கு நன்றியாக அமுன் தேவனுக்குக் கல் நட்டபோது, ஏழையின் குரலுக்கு ஓடி வருகிறவன் என்று அந்தத் தேவனைப் புகழ்ந்தான். கர்னாக்கின் மாபெரும் கோயிலில் மன்னர்களுக்கு வெற்றி வழங்கும் அதே அமுன்தான். மன்னனுக்கு அவன் வாள் கொடுப்பவன்; தொழிலாளிக்கு அவன் காது கொடுப்பவன். ஒரே தெய்வத்தின் பெயரில் இரு வேறு சமுதாய ஆசைகள் குடிகொண்டிருந்தன.

இந்த வழிபாட்டை நாம் எள்ளி நகையாடவில்லை. கேட்பதற்கு ஆளில்லாதவன் கல்லில் காது செதுக்குகிறான். அவனுடைய துன்பம் கற்பனையல்ல.

29-ஆம் ஆண்டில் நடந்தது

இனி முக்கியமான கட்டத்திற்கு வருகிறோம். மூன்றாம் ராம்சேஸ் மன்னனின் 29-ஆம் ஆட்சியாண்டு; கி.மு. 1157 வாக்கில். கூலித் தானியம் தவறத் தொடங்கியது. நடந்தவற்றை ஊர்க் கணக்கர் அமென்நாக்த் எழுதி வைத்த தாள் இத்தாலியின் டூரின் நகர மியூசியத்தில் இருக்கிறது. நமக்குத் தெரிந்தவரை, எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுவே.

தொழிலாளர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு, கல்லறைப் பகுதியின் ஐந்து சுவர்களைத் தாண்டி வெளியே வந்தார்கள். பசிக்கிறது, மாதத்தில் 18 நாட்கள் கழிந்துவிட்டன என்று முறையிட்டார்கள். மூன்றாம் தட்மோஸ் மன்னனின் கோயிலுக்குப் பின்புறம் போய் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், வாக்குறுதி தந்தார்கள், ஆட்கள் அசையவில்லை. மறுநாட்களில் இரண்டாம் ராம்சேஸின் கோயிலுக்கே போய் உள்ளே நுழைந்தார்கள். உடை இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை; இதை மன்னனுக்கும் மந்திரிக்கும் எழுதி அனுப்புங்கள் என்று கோரினார்கள். காவல் தலைவன் மென்ட்மோஸ் என்ன சொன்னான் தெரியுமா? வீடுகளைப் பூட்டிக்கொண்டு மனைவி மக்களையும் அழைத்து வாருங்கள், முதலாம் செட்டியின் கோயிலுக்கு நானே முன்னால் நடக்கிறேன் என்றான்! கடைசியில் முந்திய மாதத்துக் கூலி அளக்கப்பட்டது.

போராட்டம் அத்தோடு முடியவில்லை. கூலி மறுபடியும் தவறியது. அவர்கள் மறுபடியும் வெளியேறினார்கள். ஒரு தடவை அவர்கள் சொன்ன பதில் கவனிக்கத்தக்கது: பசிக்காக மட்டும் நாங்கள் வரவில்லை, மன்னனுடைய இந்த இடத்தில் அநியாயம் நடக்கிறது என்று குற்றம் சாட்டவே வந்தோம் என்றார்கள். வயிற்றுக்காகத் தொடங்கிய போராட்டம் நியாயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது. அளவையைக் குறைத்ததில்லை என்று பரலோகத்தில் சொல்ல வேண்டும் என்ற சூத்திரத்தை எழுதிப் பழகிய கைகள் அல்லவா அவை! 'மாத்' என்ற சொல்லின் பொருளை அரண்மனையை விட அந்தக் கிராமம் நன்றாக அறிந்திருந்தது.

மந்திரி தோ என்பவன் தீப்ஸ் நகரத்திற்கு வந்தான். எதற்காக? மன்னனின் முப்பதாம் ஆண்டு விழாவுக்குத் தென்னாட்டுத் தெய்வங்களின் விக்கிரகங்களை எடுத்துச் செல்வதற்காக! தெய்வங்களைக் கப்பலேற்ற வந்தவன் தொழிலாளர்களைச் சந்திக்கவில்லை. களஞ்சியத்திலேயே ஒன்றும் இல்லாவிட்டாலும் கிடைத்ததைத் தருகிறேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். பாதிக் கூலி வந்தது. பின்னர் ஒரு நாள், கோயிலருகே குந்தியிருந்த தொழிலாளர்கள் அவ்வழியாகப் போன நகரத் தலைவனைக் கூவி அழைத்தார்கள். அவன் ஐம்பது மூட்டை கோதுமை கொடுக்கச் சொன்னான். அதற்கு நேர்ந்தது என்ன? கோயில் காணிக்கையை எடுத்துக் கூலிக்காரர்களுக்குத் தின்னக் கொடுத்தது பெருங்குற்றம் என்று அவன் மீது புகார் எழுந்ததை அதே தாள் குறிக்கிறது.

ஏன் கோயிலுக்குப் போனார்கள்?

வேலைநிறுத்தம் செய்தவர்கள் ஒவ்வொரு தடவையும் ஏன் கோயிலில் போய் உட்கார்ந்தார்கள்? பிரார்த்தனை செய்யவா? தானியம் அங்கேதான் இருந்தது! இரண்டாம் ராம்சேஸ் கோயிலுக்குப் பின்னால் செங்கல் வளைவுக் கூரையுடன் வரிசை வரிசையாக நிற்கும் களஞ்சியங்களை இன்றும் போய்ப் பார்க்கலாம். அக்காலக் கோயில் வழிபாட்டு இடம் மட்டுமல்ல. அது நிலப்பிரபு, பண்டக சாலை, வரிக் கச்சேரி, கூலி அளக்கும் இடம் எல்லாம்.

மூன்றாம் ராம்சேஸ் கோயில்களுக்கு வழங்கியவற்றைச் சொல்லும் ஒரு பாப்பிரஸ் சுருள் லண்டனில் உள்ளது. அதன் நீளம் 40 மீட்டருக்கு மேல். தீப்ஸ் நகரத்து அமுன் கோயில் சொத்தாக அதில் கண்ட மக்கள் தொகை 86,486, கால்நடைகள் 4,21,362. இவ்வளவுக்கும் அதிபதியான நிர்வாகத்தின் காலடியில், அறுபது எழுபது குடும்பங்களுக்கு மாதக் கூலி அளக்க முடியவில்லை! அந்த ஆட்சியில் லிபியர்களோடும் கடல் வழி வந்தவர்களோடும் போர்கள் நடந்தன என்பதும், நிர்வாகம் சீர்குலைந்து வந்தது என்பதும் உண்மையே. ஆனால் நெருக்கடி வந்தபோது முதலில் குறைந்தது எது? தெய்வத்தின் படையல் அல்ல, விழாச் செலவும் அல்ல, தொழிலாளியின் மூட்டை.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் அந்த மன்னனே அந்தப்புரச் சதிக்கு ஆளானான். அவன் பிரேதத்தைக் கதிர்ப்படம் எடுத்து ஆராய்ந்தவர்கள், கழுத்து அறுபட்டிருப்பதை 2012-இல் வெளியிட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் கிராமமும் காலியாயிற்று. மிஞ்சிய குடும்பங்கள் அதே மூன்றாம் ராம்சேஸ் கட்டிய கோயிலின் மதிலுக்குள் போய்க் குடியேறின.

மண்ணை வெட்டியோர்

தோழர்களே, இந்தக் கதையில் இன்னொரு தொழிலாளியும் உண்டு. இவற்றைத் தோண்டி எடுத்தவன் அவன்.

வேலைநிறுத்தத் தாள் இருக்கும் டூரின் மியூசியம் 1824-இல் தோன்றியது. எகிப்தில் பிரெஞ்சுத் தூதராயிருந்த துரோவெத்தி சேர்த்த பொருள்களை அங்குள்ள மன்னர் விலைக்கு வாங்கினார். அந்நாளில் தோண்டுவது என்றால் வேட்டையாடுவதுதான். எந்த வீட்டில், எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடைத்தது என்ற குறிப்பே கிடையாது. பொருள் கிடைத்தது, அதன் சரித்திரம் பாதி செத்தது. பிற்காலத்தில்தான், அங்குலம் அங்குலமாக மண்ணை எடுத்து, சலித்து, அளந்து, வரைந்து, எண்ணிட்டு வைக்கும் முறை வளர்ந்தது. புரூயேர் ஒவ்வொரு வீட்டுக்கும் எண் கொடுத்தார். நிலைக்கல்லில் எழுதியிருந்த பெயர்களைக் கொண்டு, இன்னார் வீடு இது என்று காட்ட முடிந்தது. குப்பையைக் குப்பை என்று ஒதுக்காத விஞ்ஞான முறையே தொழிலாளியின் சரித்திரத்தை மீட்டது.

அந்த முறையை மண்ணில் நடத்திக் காட்டிய கைகள் யாருடையவை? பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கிலேயர் 1893-94-இல் குஃப்த் என்ற ஊரில் தோண்டியபோது அவ்வூராரைப் பழக்கினார். அன்று முதல் தலைமுறை தலைமுறையாக, எகிப்தின் பல அகழ்வுக் களங்களில் குஃப்த் ஊரார் தேர்ந்த தொழிலாளர்களாக இருந்து வருகிறார்கள். மண்ணின் நிறம் மாறுவதைக் கண்ணாலும், செங்கல் சுவருக்கும் சரிந்த மண்ணுக்கும் உள்ள வேற்றுமையைக் கையாலும் அறிகிறவர்கள். கிஸாவில் அமெரிக்கரான ரைஸ்னரின் குழுவில் இவ்வூர் மேஸ்திரிகள் அரபு மொழியில் நாட்குறிப்பே எழுதினார்கள். எனினும் புத்தக அட்டையில் வந்த பெயர்கள் யாருடையவை? கார்ட்டர் தம் நூலில் நான்கு மேஸ்திரிகளின் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். கூடையில் மண் சுமந்த ஆண்களும் சிறுவர்களும் பெயரில்லாமலே போனார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வேலைக்கு வராதவனின் பெயர் நமக்குத் தெரிகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் வேலைக்கு வந்தவனின் பெயர் தெரியவில்லை!

அந்த மலைச் சரிவில் கல்லறைகளுக்கு மேலேயே குர்னா என்ற கிராமம் இருந்தது. பல அகழ்வுகளுக்கு அங்கிருந்தே ஆட்கள் போனார்கள். கல்லறைகளைக் காக்க வேண்டும் என்று 2006 முதல் அரசு அந்த வீடுகளை இடித்து, மக்களை வேறிடத்திற்கு மாற்றியது. பழைய ஓவியங்களைக் காப்பது அவசியமே. ஆனால் செத்தவர்களின் வீடுகளைக் காக்க உயிரோடிருப்பவர்களின் வீடுகள் போவதென்றால், அந்தக் கணக்கில் அந்த மக்களின் சம்மதமும் பிழைப்பும் எங்கே வைக்கப்பட்டன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், அகழ்ந்த பொருள்களை அந்நியர் பங்கு போட்டுக்கொண்டு போகும் பழைய வழக்கத்தை எகிப்து நிறுத்தியது. பொருள் நாட்டுக்குச் சொந்தம் என்பது நிலைநாட்டப்பட்டது. அகழ்ந்தவனுக்கும் அந்தச் சரித்திரத்தில் பங்குண்டு என்பது இன்னும் நிலைநாட்டப்பட வேண்டியிருக்கிறது.

நாம் சொல்ல வந்தது இதுதான். ஒரு நாட்டின் சமயத்தை அறிய வேண்டுமானால், கருவறையை மட்டும் பார்த்தால் போதாது. களஞ்சியத்தையும் பார்க்க வேண்டும், குப்பைக் குழியையும் பார்க்க வேண்டும். படியளப்பவன் தெய்வம் என்று மக்கள் நம்பினார்கள். அந்தப் படியை யார் கையில் வைத்திருந்தார்கள் என்பதைக் குப்பைக் குழியே நமக்குச் சொல்லிற்று. கல்லில் காது செதுக்கி வேண்டிக்கொண்ட அதே மக்கள்தான், ஒரு நாள் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு, மனைவி மக்களோடு களஞ்சிய வாசலில் போய் உட்கார்ந்தார்கள். வேண்டுதலும் அவர்களுடையது, போராட்டமும் அவர்களுடையது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே சரித்திரம்.

அடுத்த தடவை பொன் முகமூடியின் படத்தைப் பத்திரிகையில் பார்க்கும்போது, தோழர்களே, மலைக்கு அப்பாலிருந்த அந்த எழுபது வீடுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.